முதல் கோட், ரெண்டாவது கோட், நடுவுல பிரஷ்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

போன ரெண்டு எபிசோடும் மென்பொருள் பக்கமே சுத்திட்டு இருந்தோம். இன்னைக்கு லேப்டாப்பை மூடிட்டு காசிமேடு பக்கம் போகலாம். விஷயம் சின்னதுதான். பெயிண்ட் அடிக்கிறப்ப ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல பிரஷ் காஞ்சு போகாம எப்படி வெச்சுக்கறது?

"இதுக்கு ஒரு முழு எபிசோடா?"ன்னு கேக்கலாம். வீட்டுக்கு ஒரு ஜன்னல் கம்பி அடிக்கிறவங்களுக்கு பிரஷ் போனா ஒரு பிரஷ், அவ்வளவுதான். வருஷத்துல ரெண்டு மாசம் விடாம படகுக்கு பெயிண்ட் அடிக்கிறவங்களுக்கு இதுல கூலி இருக்கு, கைத்தோல் இருக்கு, படகு மிதக்குற தண்ணியும் இருக்கு. அதனால பொறுமையா பேசலாம்.

61 நாள் கணக்கு

தமிழ்நாட்டுல மீன்பிடித் தடைக்காலம் 2001-லேர்ந்து இருக்கு. முதல்ல 45 நாளா இருந்தது, 2017-லேர்ந்து 61 நாள். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கடற்கரையில விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கம் செய்யற காலம்னு சொல்லித்தான் இந்தத் தடை. அந்த ரெண்டு மாசத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு அரசு கொடுக்கிற நிவாரணத்தை 2023-ல 5,000-லேர்ந்து 8,000 ரூபாயா உயர்த்தினாங்க. 61 நாளுக்கு 8,000. மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

கடலுக்குப் போகாத அந்த நாள்லதான் படகுக்கு வேலை நடக்கும். ராயபுரம் தாண்டி காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குள்ள மே மாசம் போனீங்கன்னா வெல்டிங் சத்தம், பலகை இழைக்கிற சத்தம், ஃபைபர் ஒட்டுற வாசனை, எல்லாத்துக்கும் மேல பெயிண்ட் வாசனை. பழைய பெயிண்டைச் சுரண்டணும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். பட்டி வைக்கணும். ஒரு கோட் பிரைமர், அதுக்கு மேல ரெண்டு கோட் எனாமல். கடைசியில பேரும் பதிவு எண்ணும் எழுதணும். இது அத்தனையும் தடை முடியறதுக்குள்ள முடியணும். டெட்லைன்னா என்னன்னு ஐ.டி. கம்பெனியில எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாங்க. இங்க ஜூன் 14-ங்கறதை யாராலயும் தள்ளி வைக்க முடியாது.

எனாமல் டப்பாவுல எழுதியிருக்கறதைப் படிச்சுப் பாருங்க. அடுத்த கோட் அடிக்க 6-லேர்ந்து 8 மணி நேரம், இல்லைன்னா ஒரு ராத்திரி விடச் சொல்லியிருப்பாங்க. அப்போ மூணு கோட்டுக்கு மூணு ராத்திரி. ஒரு பிரஷ் வேலை செய்யற நேரத்தைவிட சும்மா காத்திருக்கற நேரம்தான் அதிகம். இன்னைக்குப் பேசறது அந்தக் காத்திருக்கற நேரத்தைப் பத்தி.

காயறதுன்னா என்ன நடக்குது?

"பெயிண்ட் காயுது"ன்னு நாம எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை வெச்சிருக்கோம். உள்ளுக்குள்ள நடக்கறது நாலு விதம். இது புரிஞ்சா பிரஷை என்ன பண்ணணும்னு தானா புரிஞ்சிடும்.

ஒண்ணு, சுவத்துக்கு அடிக்கிற எமல்ஷன். இதுல தண்ணி ஆவியாகும். தண்ணி போனதும் உள்ள மிதக்குற நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் ஒண்ணோட ஒண்ணு நெருங்கி ஒட்டிக்கும். ஒட்டினதுக்கப்புறம் திரும்பத் தண்ணி ஊத்தினாலும் கரையாது. மழையில சுவரு கரையாம நிக்கறதுக்கு அதுதான் காரணம், காஞ்ச பிரஷ் திரும்பி வராததுக்கும் அதுதான் காரணம்.

ரெண்டு, எனாமல். நம்ம ஆளுங்க ஆயில் பெயிண்ட்னு சொல்றது. படகு, கேட், கிரில் எல்லாத்துக்கும் அதிகமா போறது இதுதான். இதுல முதல்ல டர்பன்டைன் ஆவியாகும். அது பாதி கதை. அதுக்கப்புறம் பெயிண்ட்ல இருக்கற எண்ணெய்ப் பகுதி காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து வலை மாதிரிப் பின்னிக்கும். எனாமலோட உண்மையான எதிரி ஆக்சிஜன்தான். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

மூணு, மரச்சாமானுக்கு அடிக்கிற என்.சி. லாக்கர் மாதிரி வகை. தின்னர் பறந்து போகும், அவ்வளவுதான். வேதிவினை எதுவும் இல்ல. காஞ்ச பிரஷைத் திரும்ப அதே தின்னர்ல ஊற வெச்சா கரைஞ்சு வந்துடும்.

நாலு, ரெண்டு டப்பா எபாக்சி. எண்ணூர் பக்கம் டேங்க், பைப் லைன், துறைமுக இரும்பு வேலைன்னு போனா இதுதான். பிசினையும் ஹார்டனரையும் கலந்த நிமிஷமே வினை ஆரம்பிச்சிடும். காத்து வேண்டாம், வெயில் வேண்டாம். மூடி வெச்ச டப்பாவுக்குள்ளேயே கல்லாகிடும்.

இதைப் பிரிச்சுப் பாக்காததாலதான் "ஒருத்தர் சொன்னாரு, எனக்கு வேலைக்கு ஆகலை"ன்னு ஆகுது. சொன்னவர் எனாமலுக்குச் சொல்லியிருப்பார், நாம எமல்ஷனுக்குச் செஞ்சிருப்போம்.

தண்ணிக்குள்ள ஆயில் பெயிண்ட் பிரஷ்

இப்போ எனாமலுக்கு வருவோம். எதிரி ஆக்சிஜன்னு சொன்னோம். பழைய பெயிண்டர்கள் ஒரு வேலை பண்ணுவாங்க, பாத்திருப்பீங்க. சாயங்காலம் வேலை முடிஞ்சதும் எனாமல் பிரஷை ஒரு டப்பா தண்ணியில நிறுத்தி வெச்சுட்டுப் போயிடுவாங்க. முதல் தடவை பாக்கறவங்களுக்கு இது தப்பாத் தெரியும். எண்ணெய் பெயிண்டுக்குத் தண்ணியா?

கணக்கு இதுதான். ஒரு லிட்டர் காத்துல ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கு. ஒரு லிட்டர் தண்ணியில கரைஞ்சிருக்கறது 7, 8 மில்லிகிராம்தான். எனாமலும் தண்ணியும் ஒண்ணோட ஒண்ணு கலக்காது. அதனால தண்ணி ஒரு மூடி மாதிரி பிரஷைச் சுத்தி நிக்குது. ராத்திரி முழுக்க முடி மேல இருக்கற பெயிண்ட் ஈரமாவே இருக்கும். காலையில எடுத்து நல்லா உதறி, பனியன் வேஸ்ட்ல துடைச்சு, ஒரு பழைய பலகையில நாலு இழுப்பு இழுத்துட்டு வேலையை ஆரம்பிக்கலாம். ஒரு சொட்டு டர்பன்டைன் செலவில்ல.

இதுல நாலு விஷயம் கவனிக்கணும்.

பிரஷை அடியில நிக்க வைக்கக் கூடாது. முடி வளைஞ்சிடும், அப்புறம் நேர்கோடு வராது. கைப்பிடியில ஒரு ஓட்டை போட்டு கம்பி கோர்த்து, டப்பா வாய்க்குக் குறுக்கே தொங்க விடணும்.

முடி முழுக்க மூழ்கணும், தகர வளையத்தோட கீழ் விளிம்பு வரைக்கும். அதுக்கு மேல போனா வளையம் துருப்பிடிக்கும், கைப்பிடி மரம் ஊறி ஆட ஆரம்பிக்கும்.

கடல் தண்ணி, உப்பேறின போர் தண்ணி ரெண்டும் வேண்டாம். துறைமுகத்துல நிக்கறப்ப பக்கத்துலேயே தண்ணி இருக்கேன்னு வாளியில மொண்டுக்கத் தோணும். முடிக்குள்ள தங்கற உப்பு அடுத்த கோட்டுக்குள்ள போகும். பெயிண்டுக்கு அடியில மாட்டின உப்பு ஈரத்தை இழுக்கும், கொப்புளம் வரும். ஒரு குடம் மெட்ரோ தண்ணி போதும்.

கடைசியா, இது ஒரு ராத்திரி, மிஞ்சிப் போனா ரெண்டு ராத்திரிக்கான வழி. ஒரு வாரம் ஊற வைக்கிற வேலை கிடையாது.

ஆவின் கவர்

தண்ணி டப்பா தூக்கிட்டு அலைய முடியாதவங்களுக்கு ரெண்டாவது வழி. காத்தே போகாம சுத்தி வைக்கறது. கழுவிக் காய வெச்ச அரை லிட்டர் ஆவின் கவர்ல 4 இன்ச் பிரஷ் அழகா உள்ள போகும். மேல இருக்கற அதிகப் பெயிண்டை டப்பா விளிம்புல வழிச்சுட்டு, பிரஷை உள்ள விட்டு, கவரை அழுத்திக் காத்தை வெளியேத்திட்டு, கைப்பிடிகிட்ட ரப்பர் பேண்ட் போடணும். பலூன் மாதிரி காத்து உள்ள நின்னா பிரயோஜனமில்ல. கவர் முடியோட ஒட்டிக்கணும்.

இது எனாமலுக்கும் ஆகும், எமல்ஷனுக்கும் ஆகும். எமல்ஷன்ல நாம தடுக்க வேண்டியது தண்ணி ஆவியாகறதை, கவர் அதைத் தடுக்கும். எமல்ஷன் பிரஷைத் தண்ணியில ஊறப் போட்டா பெயிண்ட் கரைஞ்சு போய் பிரஷ் தண்ணியாகிடும், அடுத்த கோட் திட்டுத் திட்டா வரும். எமல்ஷனுக்கு ஈரத்துணி சுத்தி அதுக்கு மேல கவர். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கும் இதையே பண்ணலாம். மே மாச வெயில்ல, மதியம் கடல் காத்து கிளம்பினதுக்கப்புறம், அரை மணி நேரம் வெளியில கிடந்தாலே முடியோட நுனி விறைக்க ஆரம்பிச்சிடும்.

எபாக்சிக்கு? இந்த ரெண்டும் உதவாது. தண்ணியும் கவரும் வெளியிலேர்ந்து வர்றதைத்தான் தடுக்கும். எபாக்சியில வினை பெயிண்டுக்குள்ளேயே நடக்குது. சூடு ஏற ஏற வேகமாவும் நடக்கும். வெல்டிங் தையல், ஓரம், மூலைன்னு ரோலர் போகாத இடத்துக்கு மட்டும் பிரஷ் வெச்சு அடிப்பாங்க. அந்த பிரஷை வேலை முடிஞ்ச கையோட அதுக்குரிய தின்னர்ல கழுவணும், இல்லைன்னா அந்த பிரஷ் போச்சுன்னு முன்னாடியே கணக்குல எழுதிக்கணும்.

கழுவறதோட விலை

"இவ்வளவு எதுக்கு, ஒவ்வொரு கோட்டுக்கும் டர்பன்டைன்ல கழுவிட்டாப் போச்சே"ன்னு சொல்றவங்க உண்டு. இந்த எபிசோடை நான் பண்ண நினைச்சதே இந்த இடத்துக்காகத்தான்.

பிரஷைக் காய விடாம வெச்சா, கழுவற தடவை குறையும். மூணு கோட்டுக்கு மூணு தடவை கழுவற இடத்துல கடைசியா ஒரே தடவை. அதுல மிச்சமாகறது காசு மட்டும் இல்ல.

முதல்ல கை. வெறுங்கையால டர்பன்டைன்லயோ கிருஷ்ணாயில்லயோ பிரஷைப் பிசைஞ்சு கழுவறாங்க. அது பெயிண்டைக் கரைக்கற மாதிரியே தோல்ல இருக்கற எண்ணெயையும் கரைச்சு எடுத்துடும். தோல் வறண்டு வெடிக்கும், வெடிச்ச இடம் எரியும், அதுவழியா இன்னும் உள்ள போகும். காசிமேட்டுல நான் பேசின ஒரு பெயிண்டர் அண்ணன் கையை விரிச்சுக் காட்டினாரு. "சீசன் முடிஞ்சா ஒரு மாசத்துக்கு ரசம் சாதத்தைப் பிசைய முடியாது தம்பி, ஸ்பூன்தான்"னு சொன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு.

ரெண்டாவது ஈயம். 2016-ல மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்தது. வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகள்ல ஈயம் 90 பி.பி.எம். தாண்டக் கூடாது. 2017 நவம்பர்லேர்ந்து அமல். அந்த விதி வீட்டுப் பெயிண்டைப் பத்திப் பேசுது. தொழிற்சாலைப் பெயிண்ட் அதுக்குள்ள வரலை. பழைய படகுகள் மேல வருஷா வருஷம் ஏறின கோட்டுகள்ல என்ன இருக்குன்னு சுரண்டறவருக்குத் தெரியாது. அதனால சுரண்டறப்ப மூக்கை மூடறது, கையைக் கழுவாம டீ குடிக்காம இருக்கறது ரெண்டும் அவசியம்.

கையில ஒட்டின எனாமலை எடுக்கத் தின்னர் வேண்டாம். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்ச்சு ரெண்டு நிமிஷம் விட்டா இளகும். துணியில துடைச்சுட்டு சோப்புப் போட்டாப் போதும்.

மூணாவது நெருப்பு. டர்பன்டைனும் மண்ணெண்ணெயும் ஏறக்குறைய 35, 40 டிகிரி சூட்டுலேயே பத்தக்கூடிய அளவுக்கு ஆவி விட ஆரம்பிக்கும். சென்னையில கத்திரி வெயில் நாள்ல நிழல்லயே அந்தச் சூடு இருக்கு. பக்கத்துப் படகுல வெல்டிங் பொறி பறக்குது. பெட்ரோல்ல பிரஷ் கழுவறதை எந்தக் காரணத்துக்கும் செய்யாதீங்க.

இன்னொண்ணு, நிறைய பேர் கவனிக்காதது. எனாமல் காயறது ஆக்சிஜனோட நடக்கற வினைன்னு சொன்னேன் இல்லையா, அதுல சூடு வெளிய வரும். பலகை மேல மெல்லிசாப் பரவியிருக்கறப்ப அந்தச் சூடு காத்துல போயிடும். ஆளிவிதை எண்ணெய், வார்னிஷ், எண்ணெய் பெயிண்ட் துடைச்ச துணிகளைப் பந்தா சுருட்டி மூட்டையில போட்டா சூடு உள்ளேயே தங்கும், தீக்குச்சி இல்லாமலே பத்திக்கலாம். துணியை விரிச்சுக் காயப் போடுங்க, இல்லைன்னா மூடியுள்ள தகர டப்பாவுல தண்ணி ஊத்தி உள்ள போடுங்க.

கழுவின தண்ணி எங்க போகுது?

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலி தொழிற்பகுதியிலேர்ந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியா எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். படகு, வலை, அலையாத்தி மரம், எல்லாத்துலயும் கறுப்பா ஒட்டிச்சு. அரசு அறிவிச்ச நிவாரணத்துல 787 படகுகளைச் சரி பண்ண ஆளுக்கு 10,000 ரூபாய் இருந்தது. எண்ணெய் படிஞ்ச படகுல நேரடியா பெயிண்ட் பிடிக்காது. முழுக்கத் துடைச்சு, சோப்புப் போட்டுத் தேய்ச்சு, உப்புத்தாள் போட்டு, பிரைமர்லேர்ந்து மறுபடி ஆரம்பிக்கணும். அவங்க சம்பாதிக்கற நாள்ல அந்த வேலையைச் செஞ்சாங்க.

அதுக்கு முன்னாடி, ஒரு பெயிண்டர் மணல்ல ஊத்தற ஒரு டம்ளர் அழுக்கு டர்பன்டைனைக் கொண்டு போய் நிறுத்தி "பாத்தீங்களா, நீங்களும்தான்"னு சொல்றது நியாயம் இல்ல. ரெண்டுக்கும் அளவுல சம்பந்தமே கிடையாது. ஆனா அந்த டம்ளரும் அவர் பிள்ளைங்க இறால் தடவற தண்ணிக்குத்தான் போகுது. அதுவும் படகு அடியில அடிக்கிற தாமிரம் கலந்த பெயிண்ட், பலகையில உயிரினம் ஒட்டக் கூடாதுன்னே விஷமாச் செஞ்சது.

இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. அழுக்கு டர்பன்டைனைக் கொட்டாதீங்க. ஒரு கண்ணாடி பாட்டில்லயோ தகர டப்பாவுலயோ ஊத்தி மூடி ரெண்டு, மூணு நாள் அசைக்காம வைங்க. வண்டல் எல்லாம் அடியில இறங்கிடும். மேல தெளிஞ்சதை மெதுவா வேற டப்பாவுக்கு மாத்திட்டா அடுத்த தடவை முதல் கழுவலுக்கு அதுவே போதும். புது டர்பன்டைன் கடைசி அலசலுக்கு மட்டும். அடியில தங்கின சேறை மணல்லயோ மரத்தூள்லயோ கலந்து கெட்டியாக்கிடுங்க, சாக்கடையில விடாதீங்க. பிளாஸ்டிக் டீ கப்புல தின்னர் ஊத்தாதீங்க, சில கப்பு உருகி அடி கழண்டுக்கும்.

கோடு போடற பிரஷ்

வடசென்னைன்னு பேசிட்டு திருவொற்றியூரை விட முடியாது. 1950-கள்லேர்ந்து புல்லட் வண்டி தயாரிச்ச ஊர் அது. பெட்ரோல் டேங்க்ல அந்த மெல்லிசான தங்கக் கோட்டை ஸ்டிக்கரா ஒட்டாம ஆளு உக்காந்து கையால பிரஷ்ல இழுத்ததுக்குப் பேர் போன இடம்.

உலகம் முழுக்க இந்தக் கோடு போடற தொழில்ல நீளமான மெல்லிய முடி வெச்ச பிரஷ் பயன்படுத்தறாங்க. வேலை முடிஞ்சதும் அதை நல்லா சுத்தம் பண்ணி, எண்ணெய் தடவி, முடியை நேரா நீவி, படுக்க வெச்சு மூடிடறது அந்தத் தொழிலோட பழைய வழக்கம். அந்த எண்ணெய் இன்ஜின் ஆயில் மாதிரி எப்பவுமே காயாத எண்ணெயா இருக்கணும். ஆளிவிதை எண்ணெய் தடவினா அதுவே காஞ்சு பிசின் ஆகிடும். அடுத்த வேலைக்கு முன்னாடி டர்பன்டைன்ல அலசி அந்த எண்ணெயை முழுக்க எடுத்துடணும், இல்லைன்னா கோடு ஒட்டாது. ஜூன் 14-க்கு அப்புறம் அடுத்த ஏப்ரல் வரைக்கும் பிரஷை எடுத்து வைக்கிற படகு பெயிண்டர்களுக்கும் இந்த வழி நல்லாப் பொருந்தும்.

கேள்விகள்

கேட்டு அனுப்பினதுல ரெண்டு கேள்வி.

"ஃபிரிட்ஜ்ல வெக்கலாமா?" குளிர்ல வினை மெதுவாகும், அதனால எனாமல் பிரஷ் தாங்கும். ஆனா சாப்பாடு வைக்கிற ஃபிரிட்ஜ்ல கரைப்பான் ஆவி வேண்டாம். ஆவின் கவர் இருக்கறப்ப அதுக்கு அவசியமும் இல்ல.

"ஏற்கனவே காஞ்சு போன பிரஷைக் காப்பாத்த முடியுமா?" என்.சி. லாக்கர்னா முடியும், அதோட தின்னர்ல ஊறப் போடுங்க. எனாமல், எமல்ஷன்னா பெயிண்ட் ரிமூவர் போட்டு இளக்கலாம், முடி முன்ன மாதிரி இருக்காது. அதை பிரைமருக்கும் தூசி தட்டவும் வெச்சுக்கோங்க. எபாக்சின்னா விட்டுடுங்க.

கடைசியா ஒண்ணு, வேலை கொடுக்கறவங்களுக்கு. படகு உரிமையாளரா இருக்கலாம், வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கக் கூப்பிடறவரா இருக்கலாம். பெயிண்ட், பிரைமர் எல்லாத்துக்கும் காசு கொடுக்கிறோம். பிரஷும் டர்பன்டைனும் கூலியிலேயே அடங்கும்னு நினைச்சுக்கறோம். ஒரு நல்ல 4 இன்ச் பிரஷ் இருநூறு ரூபாய் பக்கம் வருது, அது அவர் பையிலேர்ந்து போகுது. அடுத்த தடவை பொருள் வாங்கற சீட்டுல ரெண்டு ஜோடி கையுறை, ஒரு மூடி போட்ட தகர டப்பா, ஒரு பிரஷ் சேர்த்து எழுதுங்க. ஜாஸ்தி ஆகாது.

உங்க ஊர்ல பிரஷைக் காய விடாம வைக்க வேற என்ன வழி இருக்குன்னு எழுதி அனுப்புங்க. எந்த வகைப் பெயிண்டுக்குன்னு மறக்காம சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.